அடிக்காத மணி

அத்தியாயம் ஏழு

இரும்புக் கை பொறியாளரின் தலையை முதல் வீச்சிலேயே உடைத்தது. இரண்டாவது வீச்சுக்குத் தலை இல்லை. கைக்கு அது தெரியாது. சுமை இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது, எடுத்தது, திரும்பியது, வைத்தது. எடுக்க ஒன்றும் இல்லாமலே எடுத்தது. ஃபோர்மேன் ஓடி வந்து சிவப்புக் குமிழை அடிக்கும்வரை வேலை செய்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு ஆட்கள் தங்கையை அடித்தார்கள்.

செத்தவரின் தங்கை. அதே பட்டறையின் மாடியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவள். தூணில் மாட்டியிருந்த பெரிய திரையில், கையை ஓடவிட்டவர் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது. வேலையை விட்டுப் போகிறேன் என்று முந்தின நாள் எல்லோர் முன்னாலும் அண்ணனோடு சண்டை போட்டிருந்தாள். இரண்டும் சேர்ந்து போதுமானதாக இருந்தது. சாப்பிடப் போக மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு படியிறங்கியவளைக் கடைசிப் படியிலேயே பிடித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அங்கே ஒரு கொலையும் ஒரு முறிந்த கையும் இருந்தன. முறிந்த கையின் மேல் கொலையை எழுதினார்.

இது முந்தாநாள் நடந்தது.

அத்தையை வரச் சொன்னது செத்தவரின் மனைவி. அத்தை பல வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளைச் சோதித்தவள். விபத்து என்று வந்ததில் கொலையையும், கொலை என்று வந்ததில் விபத்தையும் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவளாகி வெளியே வந்தாள். கூடவே வருகிறவன் அவள் மகளின் கணவன். மென்பொருளைச் சோதிக்கிற வேலையை வாய்க்கொழுப்பால் இழந்தவன். வீட்டில் சும்மா கிடக்கிற ஆளை அம்மாவிடம் தள்ளிவிடுவது என்று மகள் முடிவு செய்தாள். அவன் அத்தை என்று கூப்பிடக் கூப்பிட, காவல் நிலையம்வரை அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கு அவன் மாப்பிள்ளை. ஏவுகிற வேலை எதுவானாலும் மரியாதை குறையாது.

மனைவிக்கு அழுகை முடிந்திருந்தது. புருஷன் பிணவறையில் இருந்தார். நாத்தனாரை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சிறைக்கு மாற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும் என்றாள்.

“வீட்ல எனக்குன்னு ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தரைத் தூக்கிட்டுப் போயாச்சு. இவளையும் கொடுக்க மாட்டேன்.”

சாவதற்கு முந்தின இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். வேலையிடத்தில் ஒருவன் பெரிய தப்பு செய்திருக்கிறான், அவனே முதலாளியிடம் போய் ஒப்புக்கொள்ள ஒரு நாள் கொடுத்திருக்கிறேன் என்றாராம். பெயரைக் கேட்டதற்கு, அதுவரைக்கும் அவன் மானத்தை நான் எடுக்க மாட்டேன் என்றாராம்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சொன்னான். “நல்ல மனுஷன் அத்தை.”

“அதனாலதான் செத்தார். காரை எடுங்க மாப்பிள்ளை.”

ஆஸ்பத்திரி போகிற வழியில் அவன் விஷயத்தை விளக்கினான். இரும்புக் கையை ஆட்டுவிக்கிற நிரலின் மூலத்துக்கு மெயின் என்று பெயர். வாடிக்கையாளருக்குப் போவது அதுதான். வேலை செய்கிறவர்கள் அதில் நேரடியாகக் கை வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு பிராஞ்ச் பிரித்துக்கொண்டு, அதில் மாற்றி எழுதி, சர்வருக்குத் தள்ளுவார்கள். அது புஷ். புஷ் வந்ததும் பைப்லைன் என்கிற தானியங்கி விழித்துக்கொள்ளும். அந்தப் பிராஞ்சில் இருக்கிற நிரலை ஓடுகிற வடிவில் கட்டும், கூண்டுக்குள் நிற்கிற சோதனைக் கையில் ஏற்றும், கையை மெதுவாக அசைத்துப் பார்க்கும். யாரும் பொத்தானைத் தொட வேண்டியதில்லை.

“நம்ம வீடு மாதிரிதான். நான் வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாலே உள்ள எனக்கான திட்டு தயாராயிடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.”

“எந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்கணும்னு யார் சொல்றது?”

“அதுக்கு ஒரு விதி எழுதி வச்சிருப்பாங்க. புஷ் வந்தா ஓடு, இல்லன்னா தூங்கு. அந்த விதியும் மெயினுக்குள்ளயேதான் இருக்கும்.”

போலீஸ் சொல்வது எளிமையாக இருந்தது. தங்கை ஒரு பிராஞ்சில் முழு வேக நிரலை வைத்துப் புஷ் செய்தாள். கூண்டுக்குள் இருந்த அண்ணனைக் கை கொன்றது. பிறகு தடயத்தை மறைக்க அந்தப் பிராஞ்சை அழித்தாள்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். தங்கையின் வலது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

“டெலீட் பண்ணது நான்தான். புஷ் பண்ணலை.”

“எதுக்கு டெலீட் பண்ணே?”

“வேலை முடிஞ்சது. முடிஞ்ச பிராஞ்சை வச்சிருந்தா அண்ணன் திட்டும். தினம் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி அழிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன். எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்ல எனக்குப் பேரே துடைப்பம்.”

அண்ணன் கூண்டுக்குள் போவதும் அந்த நேரத்தில்தான் என்றாள். எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள், யாரும் புஷ் செய்ய மாட்டார்கள். அது ஒரு பழக்கம். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை அவள் மடிக்கணினியைப் பற்றிக் கேட்டாள். மிதித்து உடைத்துவிட்டார்கள் என்றாள். யார் என்று பார்க்கவில்லை.

“முதல்ல உடைஞ்சது எது? கையா, கணினியா?”

தங்கை யோசித்தாள். யோசிக்க வலித்தது.

“கை. அப்பதான் அது கீழ விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் என்னைத் தொடலை. அதைத்தான் மிதிச்சாங்க.”

படியிறங்கும்போது அத்தை கேட்டாள், ஆளை அடிக்கிற வெறி பொருள் மேல் எப்படிப் போகும் என்று. தன் அனுபவத்தில் அது தட்டு மேல் போகும், தட்டுக்குப் பிறகு டிவி ரிமோட் மேல் போகும் என்றான் மாப்பிள்ளை. ஆள் மேல் போய்விட்டுப் பொருளுக்குத் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

“நானும் பார்த்ததில்லை” என்றாள் அத்தை.

முதலாளி மறுநாளே வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தார். பட்டறையின் நடுவில் மஞ்சள் கம்பிவலைக் கூண்டு. உள்ளே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கை, முழங்கையை மடித்துக்கொண்டு நின்றது. தரையைக் கழுவியிருந்தார்கள். ஆணித் தலைகளைச் சுற்றிக் கறுப்பாக இன்னும் இருந்தது. கூண்டைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கதவு திறந்தால் கையை நிறுத்த வேண்டிய சுவிட்சில் ஓர் அட்டைத் துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். அட்டை அழுக்கேறி வழவழப்பாகியிருந்தது. பல நாள் பழக்கம்.

ஃபோர்மேன் பெரிய ஆள். யார் அனுப்பி வந்தார்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஃபோர்மேன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கம்பிவலையில் அறைந்தார். மூக்கு உடைந்தது. இரண்டாவது தடவையும் அறைந்தார். வலை அதிர்ந்தது.

“அந்தப் பொண்ணுக்காகவா வந்தே?”

மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது மணி அடித்தது.

கூண்டுக்குள் ஒரு தூணின் உச்சியில் தகரப்பெட்டி, அதன் மேல் பள்ளிக்கூட மணி அளவில் ஒரு மணி. ஃபோர்மேன் சட்டையை விட்டார். விட்டதை அவரே அறியவில்லை. பின்னால் நடந்து கோட்டைத் தாண்டி நின்றார். கூண்டைச் சுற்றியிருந்த ஆட்களும் அப்படியே. ஒருவன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு, விழுங்காமல் கோட்டுக்குப் பின்னால் நின்றான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை மட்டும்தான்.

“அத்தை” என்றான். “எனக்கு மட்டும் யாரும் சொல்லித் தரலை.”

அத்தை அவனை இழுத்துக்கொண்டாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கை எழுந்து, குழந்தை நடை வேகத்தில் அசைந்து, மடங்கியது. மாடியில் யாரோ புஷ் செய்திருக்கிறார்கள்.

அத்தை ஃபோர்மேனிடம் மணியைப் பற்றிக் கேட்டாள். செத்தவர் வைத்தது என்றார். முன்பு ஒருவனுக்கு விரல் போயிற்று. அதன் பிறகு அவரே உட்கார்ந்து கட்டி மாட்டினார். பைப்லைனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சர்வருக்கு ஒரு புஷ் வந்தால் தானாக அடிக்கும். அடித்ததற்கும் கை அசைவதற்கும் நடுவில் ஒரு சிகரெட் பிடிக்கலாம்.

“கதவு சுவிட்சுல அட்டை?”

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். “கை ஒரு தடவை நின்னா மறுபடி முதல்லேர்ந்து எழுப்பணும். அரை நாள் போயிடும். மணிதான் இருக்கேன்னு…”

“முந்தாநாள் அவர் உள்ள இருந்தப்ப மணி அடிச்சுதா?”

ஃபோர்மேன் மற்ற ஆட்களைப் பார்த்தார். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காலைல அடிச்சுது. அப்ப அடிக்கலை.”

“கெட்டுப்போயிருந்ததா?”

“அதுக்கப்புறம் நல்லாத்தான் அடிக்குது. இப்பக்கூட அடிச்சுதே.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“அலறல் கேட்டுச்சும்மா. மணி கேக்கலைன்னு அப்ப யாருக்கு ஞாபகம் வரும்?”

அத்தை மாப்பிள்ளையை ஓரமாக அழைத்துப் போனாள். புஷ் வந்திருந்தால் மணி அடித்திருக்கும். அடித்திருந்தால் அந்த மனுஷன் வெளியே வந்திருப்பார். அவர் செவிடர் இல்லை. ஆகவே புஷ் வரவில்லை. தங்கை பொய் சொல்லவில்லை.

“புஷ் வராம பைப்லைன் ஓடாது அத்தை.”

“ஓடுச்சே. ஒரு பிராஞ்சுக்கு என்னெல்லாம் நடக்கும்?”

“பொறக்கும். மாறும். கடைசில டெலீட் பண்ணுவாங்க.” அவன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். “டெலீட்டுக்கும் எழுந்திருன்னு விதில ஒரு வார்த்தை சேர்த்தா போதும். ஆனா அழிஞ்ச பிராஞ்சை எங்கேர்ந்து கட்டறது? அங்க ஒண்ணுமே இருக்காது. அப்ப அது…”

நிறுத்தினான்.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“மெயினை எடுத்துக்கும். மெயின் முழு வேகம்.”

அழிப்பதற்கும் மணி அடிக்குமா என்று ஃபோர்மேனிடம் கேட்டார்கள். அடிக்காது. அந்தப் பெண் தினமும் எதையாவது அழிப்பாள், அதற்கெல்லாம் அடித்தால் உங்களுக்கு மணி மேல் மரியாதை போய்விடும் என்று சார் அதை விட்டுவிட்டார் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், தான் என்ன சொல்கிறோம் என்பதை நடுவில் தன் காதாலேயே கேட்டார். தன் வலது கையைப் பார்த்தார். அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

விதியைப் பார்த்துக்கொள்கிறவர் மாடியில் ஒரு குளிர்ந்த அறையில் இருந்தார். பைப்லைன் முழுக்க அவர் பொறுப்பு. இஸ்திரி கலையாத சட்டை. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஐஸ்.

மாப்பிள்ளையின் மூக்குக்குச் சுத்தமான துணி கொடுத்தார். கேட்பதற்கு முன்பே விதியைத் திரையில் காட்டினார். புஷ் வந்தால் ஓடு. வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை இரண்டு முறை படித்தான். அத்தை டெலீட் பற்றிக் கேட்டாள்.

“வெட்டின கிளை காய்க்குமா மேடம்?” என்றார் ஐஸ்.

சம்பவத்துக்குப் பிறகு பாதுகாப்புக்காக எல்லோரையும் தங்கள் கணினியில் இருந்த பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். எல்லோரும் செய்துவிட்டார்கள். பழைய பிரதி யாரிடமும் இல்லை.

“இருக்கவும் கூடாது” என்றார்.

படியில் மாப்பிள்ளை மெல்லச் சொன்னான். விதியை மாற்றி வைத்து, காரியம் முடிந்ததும் திருப்பி, மாற்றிய சுவடே இல்லாமல் சர்வரில் சரித்திரத்தைத் திருத்தி எழுதிவிடலாம். அதற்கு அதிகாரம் உள்ளவன் ஐந்து நிமிஷத்தில் செய்வான். தொல்லை ஒன்றுதான். அன்று காலை மெயினை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவர் கணினியிலும் பழைய விதி உட்கார்ந்திருக்கும். அதையும் அவர்கள் கையாலேயே துடைக்க வைத்தாயிற்று.

“ஒருத்தியோடதைத் தவிர” என்றாள் அத்தை. “அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அவ கணினியை மிதிச்சுட்டாங்க.”

“அடிச்சது ஃபோர்மேன். அப்ப ரெண்டு பேரும் கூட்டா?”

அத்தை நேராக ஃபோர்மேனிடம் போய் நின்றாள். மடிக்கணினியை ஏன் மிதித்தீர்கள் என்று கேட்டாள்.

ஃபோர்மேன் மறைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார்.

“கையை உடைச்சது நான். கம்பியால அடிச்சேன். எந்தக் கோர்ட்லயும் சொல்லுவேன். கணினியை நான் தொடலை.”

“யார் தொட்டது?”

“ஐஸ் சார்தான் என்னைப் பின்னாலேர்ந்து கட்டிப் பிடிச்சு இழுத்தார். விடுங்க, விடுங்கன்னு. இழுக்கறப்பவே கீழ கிடந்ததைக் குதிகாலால மிதிச்சார். திரும்பத் திரும்ப. ஐஸுக்கே கோபம் வந்துடுச்சேன்னு நினைச்சேன்.”

“கோபம் வரலை” என்றாள் அத்தை. “வேலை பார்த்தார். அன்னைக்குக் காலைல மணி அடிச்சப்ப மாடியில யார் இருந்தது?”

ஃபோர்மேனுக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. “அவர் மட்டும்தான். என்ன சார் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன். சும்மா ஒரு செட்டிங்னார்.”

கையில் கிடைத்த இரும்பை எடுத்துக்கொண்டு அவர் படியை நோக்கி நடந்தார். அத்தை குறுக்கே நின்றாள். ஒரு தடவை இப்படி நடந்து போனதில்தான் தப்பான கை உடைந்தது என்றாள். அவர் நின்றார். மூச்சு மட்டும் நிற்கவில்லை.

அத்தையின் கையில் இருந்தது பேச்சு. சாட்சிப் பொருள் இல்லை. சாயங்காலம் தங்கையைச் சிறைக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். அத்தை கூண்டுக்குள் இருந்த தகரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்குள்ள என்ன இருக்கு மாப்பிள்ளை?”

“ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும்.”

“அதுல மெயினோட பிரதி இருக்குமா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என் சம்பளம் மாதிரி.”

“அவனுக்குத் தெரியுமா?”

“செத்தவர் தானே கட்டினது. வேற யாருக்கும் தெரியாது.”

“அப்ப இருக்கு” என்றாள் அத்தை.

மறுபடி மாடிக்குப் போனாள். ஐஸிடம் நன்றி சொன்னாள். மணிப்பெட்டி ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறதாம், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து கழற்றிப் போகிறார், அதற்குள் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ஐஸ் முடியும் என்றார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறை காலியானது. காற்றாடிகள் மட்டும் ஓடின. ஐஸ் ஒரு ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். ஃபைலின் அடியில் சுத்தியல். கூண்டின் கதவைத் திறந்து உள்ளே போனார். கையின் நிழலைச் சுற்றி நடந்தார். அதன் பக்கம் திரும்பாமலே எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிந்த நடை. தூணடியில் ஒரு பெட்டியைப் போட்டு ஏறினார். சுத்தியலை ஓங்கினார்.

காதருகே மணி அடித்தது.

பெட்டியிலிருந்து விழாமல் இறங்கினார். திரும்பியபோது கூண்டின் கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாளில் கை வைத்து அத்தை நின்றாள். கோட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து மாப்பிள்ளை மடியில் கணினியை வைத்திருந்தான். மூக்கு வீங்கியிருந்தது.

“இப்ப ஒரு புஷ் போயிருக்கு” என்றாள் அத்தை. “பழைய விதியைத் திரும்ப வச்சிருக்கோம். அன்னைக்கு நீங்க வச்சது. அடுத்து இவர் ஒரு பிராஞ்சை டெலீட் பண்ணப் போறார்.”

ஐஸ் கதவைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

“கதவைத் திறங்க மேடம்.”

“வெட்டின கிளை காய்க்காதே. ஏன் அவசரப்படறீங்க?”

“திறங்க.”

“மாப்பிள்ளை.”

“ரெடி அத்தை. ஒரே ஒரு தட்டு. சார், உங்க சட்டை நல்ல சட்டை. கழட்டி வெளிய போட்டுடறீங்களா?”

ஐஸின் முகத்தில் முதல்முறையாக வியர்வை தெரிந்தது. கூண்டின் மூலைக்குப் போனார். மூலை போதாது என்பது அவருக்குத் தெரியும். கம்பிவலையில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

“வேண்டாம்” என்றார். “டெலீட் பண்ணா மெயின் ஏறும். மெயின்ல நிறுத்தமே கிடையாது. வழியில ஆள் இருந்தா நிக்கணுங்கற சோதனையை நான்தான் எடுத்தேன். தேதி தாண்டுதுன்னு முதலாளி கத்தினார். எடுத்தேன். எந்த ஊர்லயோ ஒரு பொண்ணுக்குக் கை போச்சு. அது எப்படின்னு செத்துப்போனவர் கண்டுபிடிச்சுட்டார். கண்டுபிடிச்சுட்டு, என்கிட்ட வந்து ஒரு நாள் தரேன்னார். பெரிய தர்மவான்.”

“தந்தாரே.”

“அந்த ஒரு நாள்ல நான் என்ன பண்ண முடியும்? இதைத்தான் பண்ண முடியும்.”

அத்தை தாழ்ப்பாளை விட்டாள். இவ்வளவு போதும் என்று நினைத்தாள். அது தவறு. ஐஸ் தோளால் மோதிக் கதவோடு வெளியே வந்தார். கதவின் விளிம்பு அத்தையின் நெற்றியைக் கிழித்தது. அவர் அவளைத் தாண்டினார். அவருக்கு வேண்டியது மாப்பிள்ளையின் மடியில் இருந்தது. சுத்தியல் இறங்கியது. மாப்பிள்ளை கணினியை நெஞ்சோடு அணைத்துத் திரும்பினான். அடி தோளெலும்பில் விழுந்தது. உலர்ந்த குச்சி போலச் சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினார். அந்த அடி தலைக்கு.

அது இறங்கவில்லை. திரை மாட்டிய தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த கம்பி சுழன்று வந்தது. அதன் நுனியில் தேங்காய் அளவு இரும்பு. ஐஸின் தாடையில் பட்டது. பற்கள் தரையில் தெறித்தன. விழுந்தவரின் மேல் ஃபோர்மேன் ஏறி உட்கார்ந்து அடித்தார். பேசாமல் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் இடைவெளி விட்டு, இடம் பார்த்து அடித்தார்.

“போதும்” என்றாள் அத்தை. ரத்தம் அவள் கண்ணில் வழிந்தது. “ஒரு தடவை சொன்னதை இவன் மறுபடி சொல்லணும். வாய் வேணும்.”

ஃபோர்மேனின் கை காற்றில் நின்றது. இறங்கியது.

ஐஸ் பக்கவாட்டில் சாய்ந்தார். தன்னை அடித்தது எது என்று அப்போதுதான் பார்த்தார். அது இரும்புக் கையின் மின்சார பிளக். சுவரிலிருந்து பிடுங்கியது. அவர் கூண்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்து அது ஃபோர்மேனின் கையில்தான் இருந்தது. இரும்புக் கைக்கு உயிரே இல்லை.

“புஷ் பண்ணது வெத்து வரி சார்” என்றான் மாப்பிள்ளை. வலியில் அவன் குரல் கீச்சென்றது. “ஒரே ஒரு வெத்து வரி.”

படியின் அடியிலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவர் வருகிற நேரத்திலும் அத்தை பொய் சொல்லியிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்பே வரச் சொல்லியிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உடைந்த மடிக்கணினி நிலையத்தில்தான் கிடக்கிறது, இனி அதைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன் என்றார். யாரும் அவரைப் பாராட்டவில்லை.

தகரப்பெட்டியையும் திறந்தார்கள். உள்ளே மணியடிக்கிற நிரல் இருந்தது. பிரதி எதுவும் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறை வாசலில் நாற்காலி இருந்தது, கான்ஸ்டபிள் இல்லை. மனைவி நாத்தனாரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தையின் நெற்றியில் தையல். மாப்பிள்ளையின் தோளில் கட்டு. மூன்று கட்டுகளும் ஒரே அறையில் இருந்தன.

அத்தை நடந்ததைச் சொன்னாள். விதியில் சேர்த்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொன்னாள். தங்கை குறுக்கிடாமல் கேட்டாள். நிரல் எழுதுகிறவள். சொல்லி முடிப்பதற்கு முன்பே முடிவுக்குப் போய்விட்டாள்.

“அப்ப நான் டெலீட் பண்ணதாலதான் கை ஓடுச்சு.”

மனைவி அத்தையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. அன்று மத்தியானம் ஒருவனிடம் அத்தை கூசாமல் பொய் சொல்லியிருந்தாள்.

“ஆமா” என்றாள்.



தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் அசையவில்லை. மனைவி அவள் தலையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

வாசலில் ஃபோர்மேன் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். தங்கை திரும்பியபோது அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

“உள்ள வாங்கண்ணே” என்றாள்.

வந்தார்.

“மணிக்கு ஒரு வரி சேர்க்கணும். டெலீட்டுக்கும் அடிக்கணும். என் கை ஆகாது. நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க.”

தனக்குத் தெரியாது என்றார். மாப்பிள்ளை கணினியை அவர் மடியில் வைத்தான். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார். கம்பி பிடித்த விரல். ஓர் எழுத்தை அழுத்தினால் இரண்டு விழுந்தது.

“அழிச்சுட்டு மறுபடி போடுங்க” என்றாள்.

அவர் விரல் அழிக்கிற பொத்தானின் மேல் நின்றது. அவள் காத்திருந்தாள். அவர் அழித்தார். மறுபடி போட்டார். அந்த வரி முடிய அறையில் விளக்கு போடும் நேரமாகிவிட்டது. புஷ் பண்ணுங்க என்றாள். அவர் பண்ணினார்.

சட்டைப்பையில் அவர் ஃபோன் அடித்தது. பட்டறையிலிருந்து. மறுமுனையில் குரல் எல்லோருக்கும் கேட்டது. மணி அடித்துவிட்டது, எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறோம், மாடியில் ஆளே இல்லை, யார் புஷ் பண்ணியது என்று கேட்டார்கள்.

ஃபோர்மேன் ஃபோனை அவள் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

“நான்தான்” என்றாள் தங்கை.